முதுகில் வெள்ளிக் கோடு

பூவன் தார் பழுக்கத் தொடங்கிவிட்டால் போதும், எங்கிருந்தோ பழ ஈக்கள் வந்து மொய்த்துவிடும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கைலென்ஸை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தால் இரண்டு சிற்றினங்களாவது தனித்தனியே தெரியவரும். ஒன்று, சிவந்த கண்ணும் மஞ்சள் பழுப்பு உடலும் கொண்ட டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். இன்னொன்று சற்றே தடித்தது. அதன் நெற்றியில் தொடங்கி முதுகு நெடுக, வெள்ளிக் கம்பி இழைத்த சேலைக்கரைபோல் கோடுகள் ஓடும். அது சாப்ரியோனஸ் இண்டியானஸ். 1970-இல் இந்தியாவிலிருந்தே விவரிக்கப்பட்ட ஈ.

பல வருடங்களாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டும் ஒரே பழத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். டிரோசோஃபிலா என்ற பேரினத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட ஈ மெலனோகாஸ்டர் அல்ல, ஃபுனெப்ரிஸ். 1823-இல் ஸ்வீடன் நாட்டு ஃபாலேன் இந்தப் பேரினத்தை உருவாக்கினார். மெலனோகாஸ்டரை மைகென் விவரித்ததோ 1830-இல்தான். அந்த ஃபுனெப்ரிஸுக்கு, மெலனோகாஸ்டரைவிட இந்தக் கோடு போட்ட சாப்ரியோனஸ் நெருங்கிய சொந்தம். டி.என்.ஏ. அதைத்தான் சொல்கிறது. சொந்தக்காரனுக்கு வேறு பெயர், தூரத்து உறவுக்குக் குடும்பப் பெயர்!

பேரினம் பெரிது, 1,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். இதை உள்ளே பிரித்துக் கட்டியவர் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவன்ட். 1913-இல் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டவர் என்றுதான் பாடப்புத்தகம் அவரை அறிமுகம் செய்யும். எனக்கு அவர்மேல் அதைவிட மதிப்பு வந்தது 1919-இல் செய்த வேலைக்காக. மெலனோகாஸ்டர் என்று எல்லாரும் நினைத்திருந்த ஈக்களுக்குள் இன்னொரு சிற்றினம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கு சிமுலன்ஸ் என்று பெயர் வைத்தார். பெண் ஈக்களை வைத்து இவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. ஆண் ஈயை மயக்கி, மல்லாத்திப் போட்டு, வயிற்றின் நுனியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இனப்பெருக்க உறுப்பின் ஓரத்தில் ஒரு மடல் இருக்கும். மெலனோகாஸ்டரில் அது சிறியது, கொக்கிபோல் வளைந்தது. சிமுலன்ஸில் அகன்று உருண்டது. இரண்டையும் கலப்பினம் செய்தால் பிறப்பவை மலடாகிவிடும். ரவையும் வெல்லமும் அகரும் போட்டுக் காய்ச்சி ஊற்றிய பாட்டில்களில் ஈ வளர்க்கும் மாணவர்களிடம், முதலில் அந்த மடலைத்தான் வரையச் சொல்வேன். ஒருமுறை தெளிவாகப் பார்த்தவர்களுக்கு வகைப்பாடு மனப்பாடச் சமாச்சாரமாக இருப்பதில்லை.

அதே ஸ்டர்ட்டிவன்ட்தான் 1939-இல் மெலனோகாஸ்டரையும் அதன் நெருங்கிய கூட்டத்தையும் சோஃபோஃபோரா என்ற துணைப்பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் இந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாக்கின. மெலனோகாஸ்டரும் ஃபுனெப்ரிஸ் பக்கத்துச் சிற்றினமான விரிலிஸும் பிரிந்து நான்கு கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும். அப்படியானால் பேரினத்தையே உடைத்து, சோஃபோஃபோராவுக்குத் தனிப் பேரினத் தகுதி கொடுப்பதுதான் முறை. ஆனால் உடைத்தால் டிரோசோஃபிலா என்ற பெயர் ஃபுனெப்ரிஸோடு போய்விடும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளரும் ஈ, சோஃபோஃபோரா மெலனோகாஸ்டர் ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க, மெலனோகாஸ்டரையே அடையாளச் சிற்றினமாக அறிவியுங்கள் என்று கிம் வான் டெர் லிண்டேயும் சக ஆய்வாளர்களும் 2007-இல் விலங்கியல் பெயரிடலுக்கான அனைத்துலக ஆணையத்திடம் விண்ணப்பித்தார்கள். 2010-இல் ஆணையம் மறுத்துவிட்டது.

மறுத்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. மரபியலாளர் மார்கனும் அவர் மாணவர்களும் இந்த ஈயில் கண்ட உண்மைகளும், அதன்பின் வந்த நோபல் பரிசுகளும் மெலனோகாஸ்டருக்குப் பெருமை சேர்த்தன. அந்தப் பெருமைக்காக முந்திவந்த பெயரின் உரிமையைத் தள்ளிவைத்தால், நாளைக்கு ஒவ்வொரு பிரபல விலங்குக்கும் ஒரு சலுகை கேட்பார்கள். பெயர் மாறினால் ஆராய்ச்சியே குழம்பிவிடும் என்கிறார்கள். மார்கனின் ஆரம்பக் கட்டுரைகளில் இதே ஈக்கு ஆம்பெலோஃபிலா என்று பெயர். மைகென் வைத்த பெயரே முந்தியது என்று பின்னால் மெலனோகாஸ்டராக மாறியது. மரபியல் ஒன்றும் தடுமாறிவிடவில்லை.

பேரினம் இன்னும் உடைக்கப்படவில்லை. அதனால் பழைய பெயர் செல்லும். ஆனால் துணைப்பேரினத்தை அடைப்புக்குறிக்குள் எழுத விதி இடம் தருகிறது. என் மாணவர்களின் ஆய்வகப் பதிவேட்டில் அதை விடாமல் எழுத வைக்கிறேன்: டிரோசோஃபிலா (சோஃபோஃபோரா) மெலனோகாஸ்டர். அதற்குக் கீழே, அதே பழத்தில் பிடித்த சாப்ரியோனஸையும் வரைந்து, யாருக்கு யார் நெருக்கம் என்று கிளை போட்டுக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன்.