உது காடில்லைத் தம்பி, வளவு

அன்புள்ள அப்புவுக்கு,

இந்த மடலை உங்கள் பேரன் வாசித்துக் காட்டுவான். வெற்றிலையை மென்றபடியே கேளுங்கள். வீட்டுக்குக் கடிதம் போட்டிருக்கலாமே, ஏன் பத்திரிகையில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். பிழையைப் பத்திரிகையில்தான் விட்டேன். ஊரறியப் பிழை விட்டுவிட்டு, நன்றியை மட்டும் தபாலுறைக்குள் ஒட்டி அனுப்ப மனம் வரவில்லை.

என்ன பிழையென்று உங்களுக்குத் தெரியும். வன்னியில், செட்டிகுளத்துக்கு மேற்கே, அருவியாற்றை அண்டிய காட்டைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ‘மனிதக் கால் படாத காடு’ என்று தொடங்கியது. அந்த இதழைப் பெருமையோடு உங்களிடம் கொண்டுவந்தேன். பேரன் முதல் வரியை வாசித்ததுமே நீங்கள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சாரத்தில் சிந்தியது. “கால் படாத காடோ? என்ரை காலே அறுபது வருசமாப் பட்டிருக்கு. வா தம்பி, காட்டுறன்” என்று காட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு எழும்பினீர்கள். அன்றைக்கு நடந்த நடைக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு புளியமரத்தின் கீழே நிறுத்தினீர்கள். சுற்றிலும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்க, நடுவில் அது மட்டும் அந்நியமாகப் பருத்து நின்றது. “உது தன்பாட்டிலை வந்த மரமில்லை. ஆரோ ஒருத்தி ரசம் வைச்சிட்டுக் கொட்டையை எறிஞ்சிருக்கிறாள்.” நான் படித்தவனல்லவா, விடுவேனா? புளியங்கொட்டையைக் குரங்கும் கொண்டுபோய்ப் போடுமே என்றேன். நீங்கள் பதில் பேசவில்லை. பத்தடி தள்ளி, சூரைப் பற்றையைக் கத்தியால் ஒதுக்கினீர்கள். உள்ளே கல் கட்டிய கிணற்று வாய் தெரிந்தது. “குரங்கு கிணறும் வெட்டுமோ?”

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு மேட்டில் ஏறினோம். மேடு என்றுதான் நினைத்தேன். அதன் இருபுறமும் பார்க்கச் சொன்னீர்கள். ஒரு பக்கம் பள்ளமான புல்வெளி, அதன் ஓரத்தில் மருத மரங்கள். மறுபக்கம் காடு இறங்கிப் போகிறது. மேடு நேராக ஓடி, ஓரிடத்தில் மட்டும் அறுந்து கிடந்தது. குளக்கட்டு, அதில் ஓர் உடைப்பு. எத்தனை நூற்றாண்டுக்கு முந்திய மாரியில் உடைந்ததோ. கட்டின் மேல் நின்ற வீரை மரத்தை என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. புல்வெளியில் மரம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். மாரி தோறும் தண்ணீர் கொண்டுவந்து படிய வைத்த களிமண், அதில் மழைக்காலத்தில் வேர் அழுகும், கோடையில் மண் பிளக்கும், புல்லுக்குத்தான் சரி என்றீர்கள். அந்தப் புல்லுக்கு மான் வருகிறது. மானைத் தேடிச் சிறுத்தை வருகிறது. என் கட்டுரையில் ‘இயற்கை தானே அமைத்த புல்வெளி’ என்று வர்ணித்திருந்த இடம் அதுதான், அப்பு. பேரன் அந்தப் பந்திக்கு வரும் முன்னரே நீங்கள் எழும்பிவிட்டது என் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்தபின் ஆறுதலாகப் படித்தேன். இலங்கைத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு உலர்வலயம். மழை சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைக்க, ஒரு சிற்றோடையின் வழியிலேயே மேலிருந்து கீழாகக் குளத்துக்குக் கீழே குளம் என்று கட்டினார்கள். மேற்குளத்து வயலில் கழிந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும். அப்படி ஆயிரக்கணக்கான குளங்கள். எனக்குப் பிடித்தது அவற்றைச் சுற்றி வேண்டுமென்றே விட்டுவைத்த மரங்களின் கதை. அலைகரைக்கு மேலே காற்றைத் தடுக்கவும் நீர் ஆவியாவதைக் குறைக்கவும் ஒரு மரக்கூட்டம். சிங்களக் கிராமங்களில் அதற்குக் ‘கஸ்கொம்மன’ என்று பெயர். கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னே இன்னொரு மரப்பட்டை, அது ‘கட்டகடுவ’. கட்டில் கசியும் நீரின் உப்பு வயலை அடையும் முன் அந்தச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் குளத்தொடர் ஊர்களை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக 2017இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. காட்டை வெட்டிக் குளம் கட்டியவர்கள், குளத்துக்காகவே காட்டை வளர்த்துமிருக்கிறார்கள்.

பிறகு அந்தக் குளத்தொடர்கள் கைவிடப்பட்டன. பழைய தலைநகரங்களான அனுராதபுரமும் பொலநறுவையும் வீழ்ந்ததற்குப் படையெடுப்பு என்பார்கள், வறட்சி என்பார்கள், மலேரியா என்பார்கள். 1215இல் மாகன் படையோடு வந்து இறங்கியதோடு கதையை முடிப்பது பாடப்புத்தகத்துக்கு வசதி. எது முதலில் என்ற வழக்கு தீராது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் மக்கள் தென்மேற்கும் வடக்குமாக நகர்ந்தார்கள். பராமரிக்க ஆளில்லாத கட்டு உடைந்தது. வயலில் பற்றை வந்தது. பற்றைக்குள் மரம் வந்தது. 1679இல் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பியோடிய ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், அனுராதபுரத்தைத் தாண்டி, உங்கள் அருவியாற்றைப் பிடித்துக்கொண்டுதான் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆற்றோரக் காட்டுக்குள் செதுக்கிய கற்கள் கிடந்ததை 1681இல் அச்சான தன் நூலில் சொல்கிறார். அவர் நடந்தபோதே அது இடிபாட்டின் மேல் வளர்ந்த காடுதான். அவரைவிட மூன்றரை நூற்றாண்டு பிந்திவந்து ‘கால் படாத’ என்று நான் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு இன்னொரு செய்தி. வில்பத்துக் காட்டுக்குள்ளே பொம்பரிப்பு என்றோர் இடம். அங்கே 1920களில் தோண்டத் தொடங்கியபோது தாழி தாழியாக மனித எலும்பு கிடைத்தது, தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் கிடைத்ததைப் போலவே. கரடி பார்க்கப் போகிற காட்டுக்குள்தான் ஓர் இரும்புக்கால இடுகாடு கிடக்கிறது. மின்னேரியா தெரியும்தானே? மூன்றாம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் மகாசேன மன்னன் கட்டிய குளம். கோடையில் நீர் வற்ற வற்ற வெளிப்படும் கரையில் புல் முளைக்கும். சுற்றுக்காட்டு யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். வெளிநாட்டிலிருந்து வந்து படம் பிடிக்கிறார்கள், காட்டின் அதிசயம் என்கிறார்கள். அது மண்வெட்டியின் அதிசயமும்தான்.

சேனையைப் பற்றி நீங்கள் சொன்னதை எழுதாமல் விட்டால் கோபிப்பீர்கள். ‘காட்டை எரிக்கிறவர்கள்’ என்று உங்களைப் போன்றவர்களைத் திட்டும் கட்டுரைகளும் நான் எழுதியிருக்கிறேன். அதையும் சேர்த்தே மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா காலத்தில் ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கனும் எள்ளும் பயறும் பூசணியும் இரண்டு போகம் போட்டு, பத்துப் பதினைந்து வருடம் ஆறவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார்கள். பாலையை வெட்டமாட்டார்கள், பழம் தரும், நிழல் தரும், போதாததற்குக் கோடரி வாயும் மழுங்கும். காட்டில் உயரமான பாலைகள் தனித்தனியாகத் தலை நீட்டி நிற்க, கீழே எல்லா மரமும் ஒரே உயரத்தில் மட்டம் பிடித்ததுபோல் இருந்ததே, அது ஏனென்று அன்றைக்குத்தான் விளங்கியது. விடத்தலும் சூரையும் மண்டினால் சேனை கைவிட்டு அதிக காலமாகவில்லை. வீரை தடித்திருந்தால் பாட்டன் காலத்துச் சேனை. நல்ல முதிரையும் கருங்காலியும் அருகிக் கிடந்தால் அது வேறு கணக்கு: வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தளபாடத்துக்காகத் தேடித்தேடி வெட்டியது. நீங்கள் வாசித்துக்கொண்டே போனீர்கள். ஏட்டைக் கண்டறியாத உங்கள் கண் வாசித்ததை, பட்டம் பெற்ற என் கண் வெறும் பச்சையாகப் பார்த்துக்கொண்டு வந்தது.

யானைக்கு முதிர்ந்த காட்டைவிடக் கைவிட்ட சேனைப் பற்றையில்தான் தீனி அதிகம் என்றும் சொன்னீர்கள். ஆய்வாளர்களும் இப்போது அதையே எழுதுகிறார்கள். ஆனால் நீங்களே அடுத்த வாக்கியத்தில், “இப்ப பதினைஞ்சு வருசம் ஆறவிட ஆரிட்டைத் தம்பி நிலம் கிடக்கு? மூண்டு வருசத்திலை திரும்ப எரிக்கிறாங்கள். அது சேனையில்லை, சூறை” என்றீர்கள். பழசையெல்லாம் பொற்காலமாக்கிப் பேசாத பெரியவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பாடத்தோடு மலைநாட்டுக்கும் போய்வந்தேன். நக்கிள்ஸ் மலையில் பெருமரங்களின் கீழே ஏலச்செடி இன்னும் காய்க்கிறது. நடுவதற்காகக் கீழ்மரங்களை வெட்டி வெளியாக்கியதால், மேலே கூரை இருந்தும் கீழே இளமரம் குறைந்த காடு அது. ஏலத்தை நட்டதும் காயைப் பறித்து உலர்த்தியதும் தோட்டத்துத் தமிழரின் கைகளும்தான். கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்த காலத்தில், 1873இல், ஐயாயிரம் அடிக்கு மேலே காட்டை வெட்ட வேண்டாம் என்று இங்கிலாந்திலிருந்து ஹூக்கர் என்ற தாவரவியலாளர் யோசனை சொன்னார். இன்றைக்கு மலையுச்சியில் மேகம் தங்கும் காடு எங்கே நிற்கிறது, தேயிலை எங்கே நிற்கிறது என்பதில் அந்த யோசனைக்கும் பங்குண்டு. தென்மேற்கே சிங்கராஜாக் காட்டில் 1970களில் இயந்திரம் கொண்டு மரம் தறித்து, எதிர்ப்புக் கிளம்பி 1977இல் நிறுத்தினார்கள். லொறி போன தடத்தில் இப்போது சுற்றுலாக்காரர் நடக்கிறார்கள். போன இடமெல்லாம் நான் புளியமரத்தையும் கிணற்றையும் தேடினேன், அப்பு. பழக்கமாகிவிட்டது.

கடைசியாக நீங்கள் நிறுத்திய இடத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம் என்று பேரன் சொன்னான். மட்டம் பிடித்த பற்றைக்காடு, விடத்தல் முள். நடுவில் ஒரு தேசிக்காய் மரம், காடேறிப்போன தோடை ஒன்று. நான், “காடு இங்கே அடர்த்தியாக இருக்கிறது” என்றேன். “உது காடில்லைத் தம்பி, வளவு. என்ரை வளவு” என்றீர்கள். தொண்ணூறில் போருக்கு அஞ்சி விட்டுவிட்டு ஓடி, இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது மண் சுவர் மண்ணாகியிருந்தது. வரைபடத்திலும் அது பச்சையாகியிருந்தது. ஓர் அலுவலகத்தில் உங்கள் உறுதியைப் பார்த்துவிட்டு, இது காடு என்று சொல்லி அனுப்பினார்கள். வானத்திலிருந்து பார்க்கிற கருவிக்கு இருபது வருடத்துப் பற்றையும் குளக்கட்டு வீரையும் ஒரே பச்சை. அதைப் பிரித்துச் சொல்ல அந்த மேசையில் ஆளில்லை.

வன்னிக் காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. நீங்களும் அதையேதான் சொன்னீர்கள், என்னைவிடக் கோபமாக. எல்லைக்கல் நடுவதற்கு முன் புளியமரத்தையும் கிணற்றையும் எண்ணிப் பார்க்கட்டும், எண்ணத் தெரியாவிட்டால் உங்களைப் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இதை வாசிக்கிற அதிகாரி யாராவது இருந்தால் அவரிடம் என் வேண்டுகோள் இதுதான்.

நன்றி அப்பு. கிணற்று வாயைக் காட்டியதற்கு, குளக்கட்டில் ஏற்றியதற்கு, சிரித்ததற்கு. பெயர் தெரியாத அந்த ரசம் வைத்தவளுக்கும் உடைப்பெடுக்கும் வரை கட்டைக் காத்தவர்களுக்கும் நன்றி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. உங்களிடம் கொடுத்துவைக்கிறேன்.

ஆனியில் வருகிறேன். பாலைப்பழம் பழுத்திருக்கும், போனமுறை உதடு ஒட்டிக்கொண்டு பட்ட பாட்டை மறக்கவில்லை, எண்ணெயோடு வருகிறேன். அந்தக் கட்டுரை இப்போது ஒரு தொகுப்பில் சேர்கிறது. முதல் வரியை வெட்டிவிட்டு, ‘கிணறும் புளியமரமும் உள்ள காடு’ என்று திருத்தியிருக்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேறு பிழை ஏதும் கண்டால் பேரனிடம் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி