முப்பத்து மூணு இஞ்ச் டயரும் அப்பாவின் பற்று வரவு நோட்டும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பு, ஆடிட், பையனுக்குப் பரீட்சை என்று ஆயிரம் சாக்கு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தங்கமணி தூக்கம். அதனால் மனசில் ரெண்டு வாரமாக உருண்டு கொண்டிருந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். உருண்டது எது என்று கேட்டால், டயர்தான் :-)

அபுதாபியில் என்னிடம் இருப்பது ஒரு பழைய பிராடோ. குளிர்காலம் வந்தால் நண்பர்கள் நாலைந்து குடும்பமாக லிவா மணல் மேடுகளுக்குக் கிளம்பிவிடுவோம். கூட வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் உயர்ந்த டயர். நம்ம வண்டி மட்டும் பள்ளிக்கூடத்து வேன் மாதிரி நிற்கும். "அப்பா, நாமளும் முப்பத்து மூணு இஞ்ச் போடலாம்பா" என்று பையன் ஒரே நச்சரிப்பு. எனக்கும் உள்ளூர ஆசைதான். போன மாதம் ரெண்டு பேரும் முசஃபாவில் ஒரு டயர் கடைக்குப் போய் நின்றோம்.

கடையில் இருந்த சேட்டன் கட்டப்பனைக்காரர். நான் பீர்மேடு என்றதும் டீ வந்துவிட்டது. பிறகு கணக்கு ஆரம்பித்தது. பி.காம் படித்தவனுக்கு டயர் அளவு ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கூட்டல் பெருக்கல்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் வண்டிக்குக் கம்பெனி போட்டது 265/65 ஆர் 17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். ரெண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 265-ல் 65 சதவீதம் 172 மில்லிமீட்டர். கடைசி எண் ரிம்மின் விட்டம், இது மட்டும் இஞ்சில். 17 இஞ்ச் என்றால் 432 மில்லிமீட்டர். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே ரிம். கூட்டினால் மொத்த உயரம் 776.

சேட்டன் காட்டியது 285/70 ஆர் 17. அதே கணக்கைப் போட்டால் 831. முப்பத்து மூணு இஞ்ச் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதைத்தான். ஆக 55 மில்லிமீட்டர் வரவு. ஆனால் வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதி, 27 மில்லிமீட்டர். பாக்கிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடும்.

இனி பற்று. டயரின் சுற்றளவு 7 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது முன்னைவிட 7 சதவீதம் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்போம். சாலைக் கேமரா நம்ம மீட்டரைப் பார்க்காது! ஒவ்வொரு கியரும் 7 சதவீதம் நீண்ட மாதிரி ஆகிவிடுவதால் ஏற்றத்தில் இழுவை குறையும். சக்கரம் பெரிசாகி பிரேக் பழசாகவே இருந்தால் நிற்பதற்குக் கூடுதலாக மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே எதிலாவது உரசும். உரசாமல் இருக்க ரிம்மின் ஆஃப்செட்டை மாற்றிச் சக்கரத்தை வெளியே தள்ளினால், பேரிங்குக்குப் பாரம்.

"அதொண்ணும் பிரச்சினை இல்லை சாரே, ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் தரலாம், உரசாது" என்றார் சேட்டன்.

அந்த ஒரு வார்த்தையில் கையிலிருந்த டீ ஆறிப்போனது. கொசுவர்த்திச் சுருளைச் சுத்திக்கோங்க மக்களே. வருஷம் 1991, இடம் பீர்மேடு.

அப்பா ஜீப் டிரைவர். வண்டி சொந்தமில்லை, பாம்பனாரில் ஒரு முதலாளியுடையது. காலையில் லயங்களிலிருந்து கொழுந்தெடுக்கப் போகிறவர்களைத் தூரத்துக் காட்டுக்குக் கொண்டுபோய் விடுவது, மத்தியானம் வண்டிப்பெரியாறு சந்தைக்கு, சாயங்காலம் திரும்பவும் ஆட்கள். உள்ளே எட்டு, முன்னால் மூணு, பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் எத்தனை பேரோ. அந்த மகிந்திரா ஜீப்புக்கு உரிய டயர் 6.00-16. பாரம் தாங்கவில்லை, கல் ரோட்டில் அடி தட்டுகிறது என்று முதலாளி எங்கிருந்தோ 7.00-16 ரீட்ரேட் டயர் நாலு வாங்கிப் போட்டுவிட்டார். முன் சக்கரம் ஒடிக்கும்போது பட்டையில் உரசியது. மெக்கானிக் ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே திருகி வைத்தார். உரசல் நின்றது. ஆனால் சக்கரம் முன்போல ஒடியாது. வட்டம் பெரிசாகிவிட்டது.

எங்கள் லயத்துக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. பழைய டயரில் ஒரே வீச்சில் திரும்பும் வண்டி, இப்போது பாதியில் நின்று ஒருமுறை பின்னால் போய்த்தான் திரும்ப முடியும். அப்பா முதலாளியிடம் ரெண்டு தடவை சொன்னாராம். "ஓட்டத் தெரியாதவன் சாக்குச் சொல்வான்" என்று பதில் வந்ததாம். ஆடி மாத மழையில் ஒரு நாள், பதினெட்டு பேரோடு, அப்படிப் பின்னால் எடுக்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் ஓரத்தைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் சாய்ந்தது. செடிகள் தாங்கியதால் உயிர்ச்சேதம் இல்லை. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஓர் அத்தைக்கு மட்டும் இடுப்பெலும்பு போய்விட்டது. பிறகு அவர் கொழுந்துக் கூடையைத் தூக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கும்வரை. உள்ளே ஒரு பற்று வரவு நோட்டு. அரிசி, மண்ணெண்ணெய், என் ஹாஸ்டல் ஃபீஸ். அவற்றுக்கு நடுவே மாதாமாதம் ஒரே வரி: "லயத்து அக்காவுக்கு 40". பிறகு 50. பிறகு 75. 1991-ல் ஆரம்பித்து 2003 வரை. 2000-க்குப் பிறகு பீர்மேட்டில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டி, சவாரியே இல்லாமல் வீட்டில் கஞ்சி குடித்த மாதங்களிலும் அந்த வரி இருந்தது. நான் உத்தமபாளையத்தில் பி.காம் படிக்கும்போது "இந்த மாசம் பத்து ரூபா குறையுதே" என்று சண்டை போட்டிருக்கிறேன். பதினாறு வருஷமாகக் கடன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். யாரும் கேட்காமல், கையெழுத்தே இல்லாமல் பன்னிரண்டு வருஷம் தவணை கட்டிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிற்க. கடைக்குத் திரும்புவோம். அதே 265/65 ஆர் 17-ஐயே வாங்கினேன், மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் ரகத்தில். சுமைக் குறியீடு 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பளபளப்பான டயர் கிடங்கிலேயே கிழடாகியிருக்கலாம். பையன் பத்தொன்பது இஞ்ச் அலாய் ரிம்மாவது போடலாமே என்றான். அதே உயரத்துக்குள் ரிம் பெரிசானால் ரப்பர் சுவர் குட்டையாகிவிடும். மணலில் காற்றை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்குவோமே, அப்போது டயர் அகலப் படுத்து மிதக்க உதவுவது அந்தச் சுவர்தான் என்றேன். அரை மனசாகத் தலையாட்டினான். அடுத்த வாரம் லிவாவில் ஒரு முப்பத்து மூணு இஞ்ச் வண்டி காற்றை இறக்காமல் ஏறி மாட்டிக்கொண்டு, எங்கள் வண்டிதான் கயிறு கட்டி இழுத்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான் :-)

சொல்ல வந்தது அதுவல்ல. போன வாரம் ஊரிலிருந்து தங்கச்சி வீட்டுக்காரர் பேசினார். அவரிடம் ஒரு பொலேரோ இருக்கிறது. விடியலில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களைக் குமுளி வழியாக ஏற்றி வருவார், சனி ஞாயிறு டூரிஸ்ட்டுகளைப் பருந்துப்பாறைக்குக் கொண்டுபோவார். "மச்சான், 235/75 ஆர் 15 போட்டா வண்டி கெத்தா நிக்கும், நாலு சவாரி கூட வரும், கொஞ்சம் பணம் அனுப்புங்க" என்றார்.

அவர் வண்டிக்கு உரியது 215/75 ஆர் 15. கணக்குப் போட்டுச் சொன்னேன். உயரம் 703-லிருந்து 733. அடி உயர்வது 15 மில்லிமீட்டர், ஒரு விரல் தடிமன். அதற்காக இழுவை, பிரேக், திருப்பம் மூணையும் விட்டுக்கொடுக்கணுமா மாப்பிள்ளை? சட்டமும் உதவாது. கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் டயரைத்தான் பார்ப்பார். அவர் "ம்... ம்..." என்றுதான் கேட்டார். பிறகு வயநாட்டைச் சொன்னேன். 2023 ஆகஸ்ட் 25, மானந்தவாடிக்குப் பக்கம் கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண்களோடு ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் போனார்கள். போனில் சத்தமே இல்லை.

பணம் அனுப்பினேன். அதே அளவில் நாலு புது டயர், ஒரு ஸ்டெப்னி, நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேலை. ஒரே நிபந்தனை, சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. வருமானம் குறையுமே என்றார். குறையும்தான். மூணு மாதத்துக்கு அந்த வித்தியாசத்தை நான் தருகிறேன் என்றேன். வங்கியில் இப்படி ஒரு கடனுக்குக் குறிப்பு எழுதினால் மேலதிகாரி என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

தங்கச்சியைவிட்டு அந்த அத்தையையும் விசாரிக்கச் சொன்னேன். இப்போது கம்பத்தில் மகளோடு இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். கொஞ்சம் பணம் கொடுத்து வரச் சொல்லியிருந்தேன். வாங்கவில்லையாம். "ஒங்கப்பா கணக்கு எப்பவோ தீந்துபோச்சு. எம் பேத்தி ஏலக்காட்டுக்கு வண்டியிலதான் போறா. தொங்கவிட்டு ஏத்தாத வண்டியா இருந்தா சொல்லுத்தா, அவள அதுல வரச் சொல்றேன்" என்றாராம்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெண் மாப்பிள்ளையின் பொலேரோவில் வருகிறாள். நடு சீட்டில், ஜன்னலோரம்.