மீண்டும் மாணவனானேன்

தமிழில் பி.ஏ. பட்டம் பெற்று, தஞ்சைப் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் நான்காண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் நான். கோடை விடுமுறை மாதங்களுக்கு அங்கே ஊதியம் கிடையாது. தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்ட வீட்டில் அம்மாதங்களை எவ்வாறு கடப்பது? பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதினேன். 2007இல் தில்லியில் எழுத்தராகச் சேர்ந்தேன்.

கற்பிக்கும் தொழிலை விட்டு வந்தவனை அரசு எங்கே அமர்த்திற்று தெரியுமா? மாணவர் பெஞ்சில்! மத்திய அரசு ஊழியருக்கான இந்தி வகுப்புகள் அப்போது பிரபோத், பிரவீண், பிராக்யா என மூன்று படிகள் கொண்டிருந்தன. ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கே உரியவை என்று ஆண்டுதோறும் பாடம் சொன்ன எனக்கு, நாற்காலி பெண்பால், வீடு ஆண்பால் என்றார்கள். காரணம் கேட்டேன். "வழக்கம் அப்படி" என்றார் ஆசிரியை. குற்றியலுகரத்தைக் கண்டு மிரண்ட பிள்ளைகளின் முகங்களெல்லாம் அன்று நினைவில் எழுந்தன. வாய் திறந்தால் வகுப்பு நகைக்குமோ என்னும் அச்சம் எத்தகையது என்பது கரும்பலகைப் பக்கம் நிற்பவனுக்குத் தெரிவதில்லை.

பிராக்யாவில் தேறியதும் ஓராண்டுக்குத் தனி ஊதியம் தந்தார்கள். கற்பித்துக் கிடைக்காத உயர்வு, கற்றுக் கிடைத்தது!

வேலையைக் குறை சொல்லேன். தங்கையின் திருமணம் நடந்தது. தந்தையாரின் கடன் தீர்ந்தது. ஆனால் கோப்புக்கு முகம் இல்லை. நான் எழுதும் குறிப்பு விளங்கிற்றா என்று அறிய எதிரே கண்கள் இல்லை. மேலதிகாரியின் கையொப்பமே விடை. அதுவும் இப்போது கணினித் திரையில்.

தில்லிப் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் திறக்கின்றன. எனக்கோ இன்னும் ஜூன் பிறந்ததுமே கை பரபரக்கிறது.