ஆய்விதழ் ஆசிரியரும் அறிவியலாளரே

உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் ஆய்விதழ் ஆசிரியர் வேலைக்குப் போனால், ‘ஆராய்ச்சியை விட்டுவிட்டார்’ என்றுதான் சக ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். பிபெட்டைக் கீழே வைத்தவர் அறிவியலையே கைகழுவிவிட்டார் என்பது அந்தப் பேச்சின் உட்பொருள். நான் இதை ஏற்கவில்லை. சொல்லப்படும் முடிவைச் சான்று தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் அறிவியலின் உயிர்நாடி. நல்ல ஆசிரியர் நாள்தோறும் செய்வது அதைத்தான்.

‘ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி’ இதழை எடுத்துக்கொள்வோம். மைக் ராஸ்னர் அதன் நிர்வாக ஆசிரியராக இருந்தபோது, 2002 முதல், ஏற்கப்பட்ட கட்டுரைகளின் படங்களை வெளியீட்டுக்கு முன் சோதிக்கத் தொடங்கினார்கள். புரதங்களைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தைக் கணினியில் திறந்து, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றிப் பார்ப்பார்கள். வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டிய பட்டையைச் சுற்றி நேர்க்கோடாக ஒரு விளிம்பு எழும். எதையாவது அழித்திருந்தால், பின்னணியில் இருக்க வேண்டிய புள்ளிகள் அங்கே மட்டும் இருக்காது. ஏறத்தாழ கால்வாசிக் கட்டுரைகளில் ஒரு படத்தையாவது மீண்டும் தயாரிக்க வேண்டியிருந்தது; சுமார் 1 சதவீதத்தில், முடிவையே பாதிக்கும் திரிப்பு இருந்தது. இவை எல்லாமே துறை வல்லுநர்களின் மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சொந்த ஆய்வுக்கிடையே நேரம் ஒதுக்கிப் படிப்பவர்கள் அவர்கள். ஒவ்வொரு படத்தையும் தோண்டிப் பார்ப்பதற்கு அதையே பணியாகக் கொண்டவர் வேண்டும்.

ஆசிரியர்கள் புதுமையைத் தடுப்பவர்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. 1937இல் உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் சிட்ரிக் அமிலச் சுழற்சி பற்றி அனுப்பிய கடிதத்தை, கைவசம் கடிதங்கள் நிறைய இருப்பதாகச் சொல்லி ‘நேச்சர்’ திருப்பி அனுப்பியது. அதே கண்டுபிடிப்புக்காக 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எது பெரிய கண்டுபிடிப்பு என்று கணிப்பதில் ஆசிரியர்கள் தவறுவார்கள். ஆனால் அது தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தின் குறை, சரிபார்க்கும் பணியின் குறையல்ல. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு ‘ஈலைஃப்’ இதழே சான்று. 2023 முதல், மதிப்பீட்டுக்கு அனுப்பிய கட்டுரையை ஏற்பது, மறுப்பது என்ற தீர்ப்பை அது கைவிட்டது. ஆனாலும் சான்று எவ்வளவு வலுவானது என்று ஆசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து எழுதும் குறிப்பை ஒவ்வொரு கட்டுரையோடும் வெளியிடுகிறது. ஏற்பது, மறுப்பது என்ற வாயிற்காவல் போன பின்பும் வேலை மிஞ்சுகிறது என்றால், அறிவியலுக்குத் தேவையானது அந்த வேலைதான். அதைத் தேர்ந்தெடுக்கும் மாணவரை, ஆராய்ச்சியில் தோற்றவராகப் பல்கலைக்கழகங்கள் பார்க்கக் கூடாது. பிறர் ஆய்வின் நம்பகத்தன்மைக்குப் பொறுப்பேற்கத் துணிந்தவர் அவர்.