வாழையா, வாளையா?

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் புகையிரதத்தில் ஒருமுறை சிங்கள நண்பர் ஒருவருடன் பயணம் செய்தோம். புணானைக் காடு கழிந்து வண்டி வாழைச்சேனையில் நின்றது. பலகையிலிருந்த ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி, "வலைச்சேனை" என்று வாசித்தார் நண்பர். நாம் சிரித்துவிட்டோம். வலை என்றால் மீன் பிடிக்கும் வலை என்று விளக்கமும் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள்" என்றார். நாம் பெருமிதத்தோடு வாய் திறந்தோம். வந்தது "வாளைச்சேனை" என்பதே. எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர் இப்பொழுது சிரித்தார். "வலையும் வந்திட்டு, மீனும் வந்திட்டு. வாழையைத்தான் காணல்ல, தம்பி!"

அன்று தொடங்கியதுதான் இந்தச் சிந்தனை. பிறர் எம் பெயரைச் சிதைக்கின்றனர் என்று குறைப்படுகின்றோம். அக்குறை நியாயமானதே. ஆனால் பெயரைப் பெயராகச் சொல்லும் கடமையை நாம் எவ்வளவு தூரம் நிறைவேற்றியிருக்கின்றோம்?

முதலில் நாவின் கணக்கைப் பார்ப்போம். லகரத்துக்கு நுனிநா மேற்பல்லின் அடியைத் தொடுகின்றது. ளகரத்துக்கு அது பின்னே வளைந்து அண்ணத்தைத் தொடுகின்றது. ழகரத்துக்கு வளைந்தும் எதனையும் தொடாமல் நிற்கின்றது. தொடுவதற்கும் தொடாமைக்கும் இடையிலுள்ள அந்த மயிரிழை வேற்றுமையே வாழையை வாளையினின்றும் பிரிக்கின்றது. ஈழத்துப் பேச்சு வழக்கில் பெரும்பாலும் இவ்வேற்றுமை மறைந்து, ழகரம் ளகரமாகிவிட்டது. இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. மக்கள் மொழி தன் வழியே ஓடும். ஆயினும், மேடையில் ழகரத்தின் சிறப்பைப் பாடிவிட்டு வீட்டில் "வாளைப்பளம்" உண்ணும் நாம், அந்நியன் நாப்பிறழ்ந்தால் மட்டும் நகைப்பது நேர்மையாகுமா?

ஆங்கில எழுத்தில் எம் ஊர்ப்பெயர்கள் படும் பாடு தனிக்கதை. காத்தான்குடியில் வரும் த்தகரத்துக்கு ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தை இரட்டித்து எழுதினர். மட்டக்களப்பின் ட்டகரத்துக்கும் அதே எழுத்துத்தான். ஆனால் பட்டிருப்பிலும் ஓட்டமாவடியிலும் வரும் அதே ட்டகரத்துக்கு நான்காம் எழுத்தை இரட்டித்தனர். ஏறாவூரின் நெடிலும் வல்லின றகரமும் அவ்வெழுத்தில் மறைந்தமையால், புதியவர் அதனை "இரவூர்" என்று வாசித்து, இராக்காலத்தில் மட்டும் விழித்திருக்கும் ஊர்போலும் என எண்ணினாலும் வியப்பில்லை. எழுதியவர்கள் கேட்டு எழுதினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தம் தம் காதால் கேட்டார்கள்.

மட்டக்களப்பு என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1602இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கினான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். இவர்களுடைய வாயிலும் ஏட்டிலும் புரண்டு, முன்னின்ற மகரம் பகரமாகி, இன்று உலகப் படங்களில் காணும் உருவத்தை அப்பெயர் அடைந்தது. சிங்கள மக்களோ "மடகலபுவ" என்கின்றனர். அவர்கள் "கலபுவ" என்பதும் நாம் களப்பு என்பதும் ஒன்றே. உப்பு நீரும் நன்னீரும் கலந்து நிற்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. முன்பாதியை நாம் மட்டம் என்கின்றோம். அவர்கள் சேறு என்கின்றனர். எது முந்தியது என வாதிட விரும்புவோர் வாதிடட்டும். தோணி தள்ளுபவனுக்கு நீரும் மட்டமாக இருக்கின்றது. காலடியில் சேறும் இருக்கின்றது.

மக்கள் நா சில வேளைகளில் அதிகாரத்தையும் வென்றுவிடும். வாவியின் குறுக்கே அமைந்த பாலத்துக்கு வெள்ளைக்கார ஆளுநர் ஒருவரின் மனைவியார் பெயரைச் சூட்டி, லேடி மன்னிங் பாலம் என்றனர். மக்கள் அன்றும் கல்லடிப் பாலம் என்றனர். 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும் அவ்வாறே சொல்கின்றனர்.

உச்சரிப்பு எப்பொழுதும் இவ்வாறு நகைப்புக்குரிய பொருளாக இருந்துவிடுவதில்லை. விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு துறைமுனைக் கதை உண்டு. யோர்தான் ஆற்றைக் கடக்க வந்தவர்களை "ஷிபோலேத்" என்று சொல்லச் சொன்னார்கள். "சிபோலேத்" என்றவர்கள் அவ்விடத்திலேயே வெட்டுண்டார்கள். நாற்பத்தீராயிரம் பேர் மாண்டனர் என்கின்றது அந்நூல். பழங்கதை என்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை. 1958இலும் 1983இலும் தென்னிலங்கைத் தெருக்களில், வாளிக்குரிய சிங்களச் சொல்லாகிய "பால்திய" என்பதைச் சொல்லச் சொல்லி ஆளை அடையாளங் கண்டார்கள் என்று, தப்பி வந்தோர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். தமிழில் சொல்லின் முதலில் மெலிந்தொலிக்கும் பகரம் இயல்பாக வராது. அவ்வொலி வராத நாவுக்கு உயிர் விலையாயிற்று. இதிலுள்ள கொடிய வேடிக்கை யாதெனில், அச்சொல் சிங்களத்துக்கும் பிறப்புரிமையன்று. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். கடன் வாங்கிய சொல்லைக் கொண்டு உடன்பிறந்தவனின் கழுத்தை அளந்தோம்.

இனி, பெயரை மீட்டவர்களின் கதை ஒன்று. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாயித் தீவுகள் உள்ளன. அம்மொழியின் எழுத்துக்கள் பதின்மூன்றே: உயிர் ஐந்து, மெய் எட்டு. எட்டு மெய்களுள் ஒன்று, தொண்டையை ஒருகணம் அடைத்துத் திறக்கும் ஒலி. வேண்டாம் என்பதற்கு நாம் "உம்-உம்" எனும்போது நடுவே விழும் அடைப்பே அது. அந்நாட்டின் பெயரிலேயே, இறுதி இகரத்துக்கு முன்னர் அவ்வொலி நிற்கின்றது. குறில் நெடில் வேற்றுமையும் எம் மொழியிற்போல் அங்கே பொருளை மாற்றும். ஆங்கில அச்சு நெடுங்காலம் இவ்விரண்டையும் பொருட்படுத்தவில்லை. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி எனச் சட்டம் வந்தது. தாய்மொழி குழந்தைகளின் நாவிலிருந்து விலகியது. 1978இல் அம்மொழி மீண்டும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. அடைப்பொலிக்குரிய குறியும் நெடிற்கோடும் இன்று தெருப்பலகைகளுக்குத் திரும்பி வந்துள்ளன. ஒரு சிறு குறிதானே என்று கேட்பவர்கள், அக்குறி இல்லாத பெயரைச் சுமந்து வாழ்ந்தவர்களைக் கேட்கட்டும்.

எமக்கு இதனை விளங்கவைத்தவர் ஒரு தாய். 1990ஆம் ஆண்டு இப்பிரதேசத்து மக்கள் மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பவில்லை. அதே ஆண்டில் வேறோரிடத்திற் காணாமற்போனவன் அத்தாயின் மகன். பல ஆண்டுகளின் பின்னர் விசாரணை ஒன்றுக்கு அவருக்குத் துணையாகச் சென்றோம். அலுவலர் பட்டியலைப் பார்த்துப் பெயரை அழைத்தார். மகனுடைய பெயரில் எழில் என்ற சொல் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதி, அதிலிருந்து வாசித்தபோது ழகரம் லகரமாகி, எழில் "எலில்" ஆயிற்று. பின்வரிசையில் யாரோ "எலி" என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். தாய் எழுந்திருக்கவில்லை. நாம் தோளைத் தொட்டோம். "அது எண்ட மகண்ட பேரில்லை, தம்பி" என்றார் அவர்.

அலுவலர் ஓர் இளைஞர், தமிழ் அறியாதவர். விடயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு, மூன்றுமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறையும் ழகரம் முழுமையாக வரவில்லை. ஆனால் தாய் எழுந்து முன்னே போனார். அம்முயற்சியே அவருக்குப் போதுமாயிருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், நாம் மனநிறைவோடு வீடு திரும்பியிருப்போம். ஆனால் அன்று காலையில் விண்ணப்பத்தை நிரப்பியவர்கள் நாமே. "உங்கள் பெயர்?" என்று கேட்டபோதுதான், அவருடைய முழுப்பெயரை முதன்முதலாக அறிந்தோம். தலைமுறை தலைமுறையாக எம் ஊரார் ஆடை வெளுத்த குடும்பம் அவருடையது. எம் வீட்டு வாசலுக்கு அவர் நாற்பது ஆண்டுகள் வந்திருக்கின்றார். அவர் பெயரின் பின்பாதியாகிய "அம்மை" என்பதை வெட்டிவிட்டு, முன்பாதியை மட்டுமே எம் பெரியோர் அழைத்தனர். எம் வீட்டுச் சிறுவர்களும் அழைத்தனர். அவர்கள் சாதி ஆண்களின் பெயரிலிருந்த "சாமி"யும் "பிள்ளை"யும் இவ்வாறே அறுந்து வீழ்ந்தன. அது நாப்பிழையன்று. ழகரம் வராத நாவுக்கு மன்னிப்புண்டு. "அம்மை" வராத நாவுக்கு என்ன காரணம் சொல்வோம்? தன் பெயரை வெட்டிய ஊரிலே, மகனுக்கு எழில் என்று பெயரிட்டாரே, அப்பெயரின் ஓர் எழுத்தையும் அவர் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இக்கட்டுரையில் அவர் பெயரை எழுதுவதற்கு நாம் அனுமதி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. ஆனால் அன்று மாலை கல்லடிப் பாலத்தருகே பேருந்தைவிட்டு இறங்கியபோது, அவர் எமக்கு முன்னே நடந்துகொண்டிருந்தார். முழுப்பெயரையும் சொல்லி அழைத்தோம். அவர் திரும்பவில்லை. வேறு யாரையோ அழைக்கின்றோம் என்று எண்ணி நடந்துகொண்டேயிருந்தார். இரண்டாம் முறை அழைத்தோம். மூன்றாம் முறைதான் நின்றார்.

அவ்விளைஞரும் மூன்றுமுறை முயன்றார். நாமும் மூன்றுமுறை அழைத்தோம். அவருக்கு அந்நிய மொழி தடையாயிருந்தது. எமக்கு எது தடையாயிருந்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.