தர்மத்திற்கு முன்னால் ஒரு கேள்வி

ஒளிப்படக் கருவி பரவாத காலத்துத் தெருக்களை இன்று நாம் காண முடிவது பெரும்பாலும் ஓவியங்களின் வழியேதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு இந்தப் பேறு பிரைக்கன்ரிஜ் என்ற வணிகரால் வாய்த்தது. 1820களில் அவர் ஓவியர்கள் பலரை அமர்த்தி, மறைந்துகொண்டிருந்த பழைய நகரைத் தெருத்தெருவாக வரையச் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்படங்கள் இன்று அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

அக்காலத்து நீர்வண்ண ஓவியர்களைக் கவர்ந்த கட்டடங்களுள் ஒன்று, செயின்ட் மைக்கேல்ஸ் ஹில் என்னும் செங்குத்தான தெருவில் நிற்கும் அறவிடுதி. முற்றத்தைச் சூழ்ந்து மூன்று புறமும் வீடுகள். நடுவில் ஒரு சிற்றாலயம். ஆண்கள் 12 பேர், பெண்கள் 12 பேர் என வறிய முதியோர் தங்குவதற்காக, 1691இல் எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவர் இதனை நிறுவி, நிலையான வருவாயையும் எழுதிவைத்தார். வக்ஃபு முறையை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் அவருடைய செல்வத்தின் வரலாறு வேறு. 1680இல் அவர் ராயல் ஆப்பிரிக்கன் நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் அதன் துணை ஆளுநராகவும் இருந்தார். அவர் பங்கேற்ற காலத்தில் அந்நிறுவனம் ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது என்றும், அவர்களுள் சுமார் 19,000 பேர் கடற்பயணத்திலேயே மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. நகர மையத்தில் நின்ற அவரது சிலையை, 2020 ஜூன் 7 அன்று மக்கள் வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர்.

இந்த வரலாற்றைச் சொன்னபோது என் மகள் கேட்டாள்: "வாப்பா, அந்தக் கிழவர்களுக்கு வீடு கிடைத்தது நல்லதுதானே?"

நல்லதுதான். குளிரில் ஒதுங்க இடமின்றித் தவித்த முதியோருக்குக் கூரை கிடைத்தது உண்மை. அதனை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பறிக்கப்பட்டது ஆப்பிரிக்கரிடம். கொடுக்கப்பட்டது பிரிஸ்டல் ஏழைக்கு. ஒருவரிடம் பட்ட கடனை மற்றொருவருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட முடியுமா? அடியானின் உரிமை அந்த அடியானிடமே திரும்பிச் சேர வேண்டும் என்பதும், ஹலாலான சம்பாத்தியமே தர்மத்திற்கு அடித்தளம் என்பதும் நம் மார்க்கம் கற்பிக்கும் பாடங்கள் அல்லவா?

இது தொலைதூர நகரத்தின் கதை மட்டுமன்று. சகோதரிக்குரிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் பளிங்குத் தளம் இடுவோர் நம்மிடையே இல்லையா? வேலையாளின் கூலியைத் தாமதித்துவிட்டு, ரமலானில் தாராளமாக வழங்குவோர் இல்லையா? அத்தளத்தில் தொழுவோர் பயனடைவர். அவ்வுணவால் ஏழையின் பசி தீரும். ஆனால் சகோதரியின் பங்கும் தொழிலாளியின் கூலியும் அப்படியே நிலுவையில் நிற்கும்.

எனவே, அன்புச் சகோதர சகோதரிகளே, நன்கொடைக்காகப் பணப்பையைத் திறக்குமுன், இதில் வேறு எவருடைய உரிமையேனும் கலந்திருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கலந்திருந்தால், முதலில் அதை உரியவரிடம் ஒப்படைப்போம். மிஞ்சுவது சிறு தொகையாக இருந்தாலும், மனநிறைவோடு கொடுப்போம். அல்லாஹ் நம் ஈட்டலையும் ஈகையையும் தூய்மையாக்குவானாக!