அம்மாவின் மூன்று ஃபைல்கள்

ஜூன் 4, கும்பகோணம்

அம்மாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுப்பில் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இடைவெளி ஒடுங்கிக் கிடக்கிறது. ஓரத்தில் கொக்கி போல எலும்பு வளர்ந்திருக்கிறது. "தேய்மானம், வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். தேய்வது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு மட்டுமல்ல. முதுகெலும்பின் ஒவ்வோர் அடுக்கிலும் பின்பக்கம் இரண்டு சின்ன மூட்டுகள் உண்டு. முழங்காலைப் போலவே அவற்றுக்கும் குருத்தெலும்பு, வழுவழுப்பான நீர். அவையும் மூட்டுவாதத்துக்கு ஆளாகின்றன. ஆனால் படம் மட்டும் வலியைச் சொல்லாது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்குப்படி, முதுகுவலியே இல்லாத எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருக்கிறது.

ஜூன் 9

சாரங்கபாணி கோயிலுக்கு நடந்தோம். நிற்காமல் போய்வந்த அம்மா இன்று இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். "கால் ரெண்டும் மரத்துப்போவுதுடி." டீக்கடை பெஞ்சில் முன்னால் குனிந்து உட்கார்ந்ததும் இரண்டே நிமிடத்தில் சரியாயிற்று. திரும்பும்போது காய்கறிக்காரரின் தள்ளுவண்டியைக் குனிந்து பிடித்தபடி தெருக்கோடி வரை வந்தாள், ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஜூன் 11

எலும்பு டாக்டரிடம் தள்ளுவண்டியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். வளர்ந்த எலும்பும் தடித்த தசைநாரும் நரம்பு போகும் பாதையை நெருக்குகின்றன. குனிந்தால் பாதை கொஞ்சம் அகலும், நிமிர்ந்தால் இறுகும். காலில் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கும்போது வலிக்கும், ஆனால் அது சும்மா நின்றாலே அடங்கிவிடும். அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. அதனால் பாத நாடியையும் தொட்டுப் பார்த்தார். நாடி நன்றாகவே இருந்தது.

ராத்திரி பாதம் எரிவதையும் கேட்டேன். இரண்டு பாதமும் காலுறை போட்ட அளவுக்குச் சமமாக எரிந்தால் பெரும்பாலும் சர்க்கரை. பிட்டத்திலிருந்து ஒரு கால் வழியாகச் சுரீரென்று இறங்கினால் முதுகு. அம்மாவுக்கு இரண்டும் உண்டு. இத்தனை நாளும் சர்க்கரை ஃபைலில் ஒன்று, எலும்பு ஃபைலில் ஒன்று, பிரஷர் ஃபைலில் இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்தோம். உடம்பு ஒன்றுதானே என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

ஜூன் 15

சாமி அலமாரியில் ஊதுபத்தி டப்பாவுக்குள் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய 'செட்' மாத்திரை. நாலு மாதமாகத் தினம் ஒரு பொட்டலம். ஒன்று டைக்ளோஃபினாக், ஒன்று வயிற்றுக்கு. மூன்றாவது, பொடிசாய் வெள்ளையாய் இருப்பது, ஸ்டீராய்டு.

எனக்குக் கை நடுங்கியது. பிரஷருக்கு அம்மா சாப்பிடுவது டெல்மிசார்ட்டானும் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும், பிரஷரும் ஏறும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியவைக்கும். போன மாதம் சர்க்கரை ஏன் எகிறியது, இன்சுலினை ஏன் கூட்டினார்கள் என்பதெல்லாம் இப்போது விளங்குகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7. "வலி தாங்கலைடி, உனக்குச் சொன்னா கவலைப்படுவே" என்றாள். அவள் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். நாலு மாதம் எடுத்த உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஜூன் 27

வலி மாத்திரை நின்று பன்னிரண்டு நாள். கிரியாட்டினின் 1.4. வலி போய்விடவில்லை. படுத்தபடி முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சி, வயிற்றுத் தசைக்கு ஒன்று, காலையில் வெந்நீர் ஒத்தடம். தூக்கம் நாலு மணி நேரத்திலிருந்து ஐந்தரைக்கு வந்திருக்கிறது. தூங்காத இரவுக்கு மறுநாள் வலி கூடுகிறது, வலித்த நாளில் தூக்கம் வருவதில்லை. இந்தச் சுழலில்தான் அவள் பேச்சே குறைந்துபோயிருந்தது. நான் அதை வயசு என்று நினைத்துவிட்டேன்.

ஜூலை 1

மூன்று டாக்டர்களுக்கும் சேர்த்து ஒரே நோட்டு போட்டுவிட்டேன். எல்லா மாத்திரையும், எல்லா ரிப்போர்ட்டும் அதில். காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "ஒண்ணுக்குப் போறதைக்கூட உங்கிட்டச் சொல்லணுமாடி?"

"சொல்லணும்மா."